எண்ணெய்க்குச் சுரம் பார்த்த கதை

கெட்டியாக இருப்பதெல்லாம் நல்லது என்று இருபத்திரண்டு வயது வரை உறுதியாக நம்பியிருந்தேன். தயிர், சாம்பார், கோப்பி, பெண் வீட்டார் போடும் சங்கிலி என்று எதை எடுத்தாலும் கெட்டியாக இருந்தால் அதற்குத்தான் என் ஓட்டு. நீர்த்துப் போனதைக் கண்டால் கொடுத்த ஆள் மேலேயே சந்தேகம் வந்துவிடும். இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு ஒரு காரின் எஞ்சினையும் என் தங்கையின் எதிர்காலத்தையும் ஒரே காலையில் தீர்த்துக்கட்டப் பார்த்தேன். இரண்டும் பிழைத்துக்கொண்டன. பிழைத்ததில் என் பங்கு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்த நம்பிக்கை என் வேலையோடு வந்தது. மலாயாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பட்டணத்திலிருந்து ஏழு மைல் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் கணக்கு எழுதும் குமாஸ்தா, எங்கள் பேச்சில் பால் கிராணி. தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை இருந்த காலம் அது. விடியற்காலையில் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள் முற்பகலில் வாளிகளில் ரப்பர் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். நான் பாலை அளந்து, மெட்ரோலாக் என்ற கருவியை அதில் மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து எழுதுவேன். பால் கெட்டியாக இருந்தால் வெட்டியவருக்குக் கூலி கூடும். நீர்த்திருந்தால் குறையும். சில பேர் வரும் வழியில் ஓடையில் நின்று வாளிக்குக் கொஞ்சம் 'பூர்த்தி' செய்துகொண்டு வருவதும் உண்டு. கேட்டால் மழைத்தண்ணீர் விழுந்துவிட்டது என்பார்கள். (பத்து நாளாக மேகமே இல்லாத வானத்தைக் காட்டித்தான் சொல்வார்கள்.) அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

அந்த வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் உலகத்தில் உள்ள எல்லாத் திரவங்களும் என் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்ற நினைப்பு வந்துவிட்டது. டாக்டர் கழுத்தில் குழாயைப் போட்டுக்கொண்டு திரிவதுபோல, நான் எங்கே போனாலும் ஒரு துணிப்பையில் மெட்ரோலாக்கை வைத்துக்கொண்டு போவேன். ஒரு தடவை வீட்டில் மோரில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் அப்பா, அம்மா இருவரும் மரம் வெட்டுகிறவர்கள். தங்கை தனலட்சுமி சுங்கைப்பட்டாணியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியிருந்தாள். எங்கள் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், அப்படிப் படித்த பெண் அவள் ஒருத்திதான். தாதிப் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள். அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நேரம் தவறி வருகிறவர்கள் விசாரிக்கப்பட மாட்டார்கள் என்று கீழே ஒரு வரி இருந்தது. அது கிடைக்காவிட்டால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். அம்மா முன்யோசனையாக அவளுக்கென்று ஒரு பால்வெட்டுக் கத்தியைத் தீட்டி, எண்ணெய் தடவி, கந்தைத் துணியில் சுற்றி அடுப்படி மூலையில் வைத்திருந்தாள். அந்த மூலைப் பக்கம் போகும்போதெல்லாம் தனம் வேறு எங்காவது பார்த்துக்கொண்டு நடப்பாள்.

அப்பா ஒரு எளிய திட்டம் வைத்திருந்தார். விடிவதற்கு முன்னால் தோட்டத்து லோரியில் ஏறிப் பீடோங் போவது, அங்கிருந்து முதல் பஸ்ஸில் அலோர் ஸ்டார் போவது. "பஸ்சு போதும்ப்பா. அது நேரத்துக்கு வரும்" என்றார்.

அந்த மனுஷன் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதை யாருக்காவது காட்டியாக வேண்டும் என்று உள்ளங்கை அரித்துக்கொண்டிருந்தது. தாதியாகப் போகிற பெண் லோரியில் நின்றுகொண்டு, சேலை கசங்கப் போவதா என்று பேசிப் பேசியே வீட்டாரை மடக்கிவிட்டுப் பெரிய கிராணியிடம் போய் நின்றேன்.

பெரிய கிராணி நடேசன் தோட்ட ஆபீசில் துரைக்கு அடுத்த ஆள். அவரிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. அது மழையில் நனையக் கூடாது என்பதற்காக, மழை பெய்தால் காரை வீட்டில் விட்டுவிட்டுக் குடை பிடித்துச் சேற்றில் நடந்து வருவார். அப்படிப்பட்டவர் அதை எனக்குத் தந்திருக்கவே மாட்டார். ஆனால் அவருடைய இரண்டு மகள்களுக்கும் தனம்தான் விடுமுறை நாட்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஃபைலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்காகத் தர்றேன்" என்றார். 'உனக்காக இல்லை' என்ற மீதியை அவர் சொல்லவில்லை, எனக்கே கேட்டது.

இங்கேதான் எங்கள் லயத்து வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் இரவல் வாங்கினால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். கொஞ்சம் சீனியோ, நாலு அவரைக்காயோ, நேற்றுச் செய்த பலகாரமோ எதையாவது போட்டுத்தான் கொடுப்போம். கிண்ணத்துக்குச் சரி, காரில் எதைப் போட்டுக் கொடுப்பது? யோசித்துக்கொண்டே நின்றபோது அவரே வழிகாட்டினார். எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டிய வாரம் இது, மாற்றிவிட்டுத்தான் தர முடியும் என்றார். நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். எண்ணெயை நானே வாங்கி நானே மாற்றிவிடுகிறேன், அது என் மரியாதை என்றேன். அவர் தயங்கினார். பிறகு, பீடோங்கில் காதர் பாய் கடைக்குப் போனால் அவருக்கு இந்தக் காரைத் தெரியும், அவர் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து ஊற்று என்றார். 'அப்படியே' என்பதை அவர் அழுத்திச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அன்றைக்கு அது காதில் நிற்கவில்லை.

காதர் பாய் கடை பீடோங்கில் அஞ்சடிப் பாதை என்கிற கூரை போட்ட நடைபாதை ஓரத்தில் இருந்தது. ஆணி, அரிக்கேன் விளக்கு, பால்வெட்டுக் கத்தி, சைக்கிள் சங்கிலி எல்லாம் அங்கே கிடைக்கும். பின்பக்கத்தில் வரிசையாக எண்ணெய்ப் பீப்பாய்கள் நிற்கும். நாம் கொண்டு போகிற டின்னில் கைப்பம்பால் இறைத்துக் கொடுப்பார். சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பெரிய கிராணியின் காருக்கு என்று சொன்னதும், அவர் முப்பது என்று எழுதிய பீப்பாய்ப் பக்கம் போனார். பம்பை அடித்தார். எண்ணெய் வந்தது. சளசளவென்று, தேநீர்க்கடையில் ஆற்றுவது மாதிரி விழுந்தது.

எனக்குள் இருந்த பால் கிராணி விழித்துக்கொண்டான். இது என்ன இப்படித் தண்ணீராக இருக்கிறது என்று கேட்டேன். எஞ்சினுக்கு இதுதான் என்றார் பாய். வேறு கெட்டியாக இருக்கிறதா என்றேன். இருக்கிறது, ஆனால் அது உனக்கு இல்லை என்றார். அவ்வளவுதான். நல்ல சரக்கைப் பெரிய ஆட்களுக்கு ஒளித்து வைத்துக்கொண்டு தோட்டத்துக்காரனுக்கு நீர்த்ததை ஊற்றுகிறார் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. ஓடையோரத்து வாளிகளைப் பிடித்த கண்ணல்லவா இது?

துணிப்பையிலிருந்து மெட்ரோலாக்கை எடுத்தேன். ஒரு நீளமான டின்னில் அந்த முப்பது நம்பர் எண்ணெயை ஊற்றச் சொல்லி அதில் விட்டேன். பாலிலே அழகாக நிமிர்ந்து மிதக்கிற சாமான், எண்ணெயில் தொப்பென்று உள்ளே போய் அடியில் டங்கென்று இடித்தது. பிறகு மூலையில் இருந்த கறுத்த பீப்பாயைக் காட்டி அதிலும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். அதிலும் மெட்ரோலாக் முங்கித்தான் போனது. இரண்டிலுமே முங்குகிறது என்றால் இந்தக் கருவி இந்த வேலைக்கு ஆகாது என்று மூளை உள்ளவன் அந்த இடத்தில் புரிந்துகொண்டிருப்பான். நான் அதை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடியும் விட்டு, அடியைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணினேன். முதல் எண்ணெயில் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் இடித்துவிட்டது. இரண்டாவதில் துரை சாய்வு நாற்காலியில் உட்காருவதுபோல மெதுவாக, பெருமையாக இறங்கியது. எட்டு வரை எண்ணினேன்.

காதர் பாய் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னா தம்பி, எண்ணெய்க்குச் சொரம் பாக்குறியா?" என்றார்.

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்தது. அந்தக் கெட்டியானதையே ஒரு டின் கொடுங்கள் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அது லோரியின் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெய், எந்தக் கார் எஞ்சினுக்கும் ஊற்றக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தோட்டத்து லோரிக்கும் வாங்கிவரச் சொன்னார்கள், இது அதற்குத்தான் என்று முகம் மாறாமல் ஒரு பொய் சொன்னேன். பாவம், நம்பிக் கொடுத்தார். முப்பது நம்பரைப் பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போரில் ஜெயித்தவன்போல டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கிராணி குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் எண்ணெய் மாற்றினேன். பழைய எண்ணெய் கறுப்பாக, நீர்க்க இறங்கியது. இத்தனை நாளும் இந்த எஞ்சின் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எப்படித்தான் உழைத்ததோ என்று பரிதாபப்பட்டேன். புதியதை ஊற்ற ஆரம்பித்தேன். புனலில் அது இறங்கவே இல்லை. நின்றேன். குந்தினேன். ஒரு கட்டத்தில் டின்னைச் சாய்த்துப் பிடித்தபடியே கண்ணயர்ந்தேன். (கை வலிக்காமல் இருக்கத் தலையை மட்கார்டில் வைத்துக்கொண்டேன், பரமசுகம்.)

எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில் இரண்டு கோடுகள் இருந்தன. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் இருந்தால் போதும். ஆனால் மேல்கோட்டுக்கு மேலே இன்னும் எவ்வளவு குச்சி வெறுமையாக இருக்கிறது! இரவல் வாங்கின கிண்ணத்தை யாராவது கோடு பார்த்தா நிரப்புவார்கள்? டின்னில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் முழுவதையும் ஊற்றினேன். கஞ்சத்தனம் நம் பரம்பரையிலேயே கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலை. தனம் வெள்ளைச் சேலை கட்டி, சர்டிபிகேட் ஃபைலை மடியில் வைத்துப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக முன்சீட்டில் இருந்தார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் 'ம்ம்' என்று ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. மறுபடியும் திருப்பினேன். அதற்குப் பேச இஷ்டமில்லை. இறங்கி முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினேன். சுற்றினேன் என்றால், என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன், கம்பி அரைவட்டம் நகர்ந்தது. வெளியே வந்த அம்மா வாசலிலேயே நின்று பார்த்தாள்.

அந்த நேரம் பெரட்டுக்கு மணி அடித்தது. காலையில் எல்லாத் தொழிலாளர்களும் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற இடம் அது. அங்கே போய்க்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். தனத்துக்கு என்று சொன்னதும் பத்துப் பன்னிரண்டு பேர் கத்தியையும் வாளியையும் கீழே வைத்துவிட்டுக் காரைத் தள்ள வந்தார்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் தண்ணீர்ப் பால் கொண்டுவந்து அகப்பட்டவர்கள். மேட்டிலிருந்து சரிவில் தள்ளிவிட்டதும் கார் குதித்து, இருமி, உயிர் பெற்றது. கூடவே பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பித் தள்ளினவர்கள் அத்தனை பேரையும் மூடிவிட்டது. நன்றி சொல்லத் திரும்பிப் பார்த்தேன், இருமல் சத்தம்தான் வந்தது. ஆபீஸ் ஜன்னலில் நின்ற பெரிய கிராணி, புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகள் தீப்பிடித்துவிட்டன என்று நினைத்து அந்தப் பக்கம் ஓடினாராம்.

பீடோங்கைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறினோம். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் கடைசிக் கோட்டையும் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை அப்பாவுக்குக் காட்டி, பாருங்கள், நூற்றுக்கு நூறு என்றேன். அப்பா பின்னால் வரும் புகையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று தனத்திடம் கேட்டார்.

குருன் நெருங்கும்போது எஞ்சின் விக்கத் தொடங்கியது. பிறகு மேலே எங்கேயோ டக்டக் என்று யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம். பானட் இடுக்கிலிருந்து எண்ணெய் கருகும் நாற்றம் வந்தது. ஜெராய் மலை இடது பக்கம் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. நாங்களும் நின்றோம். எவ்வளவு முயன்றும் அதற்குமேல் நகரவில்லை. மணி எட்டைத் தாண்டிவிட்டது.

பானட்டைத் திறந்தேன். எஞ்சினின் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தை மட்டும் போமன் மாதிரி வைத்துக்கொண்டேன். (எங்கள் ஊரில் கார் பழுது பார்க்கிறவருக்குப் போமன் என்று பெயர்.) தனம் இறங்கி வந்தாள். குச்சியை அவளே இழுத்தாள். கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கைப்பிடி வரை எண்ணெய். அதன் நுனியிலிருந்து தேன்போல ஒரு நூல் இறங்கியது, அறுந்து விழாமல் நீண்டுகொண்டே போய் அவளுடைய வெள்ளைச் சேலையில் முழங்காலுக்கு மேலே வட்டமாக உட்கார்ந்தது.

அவள் சேலையைப் பார்க்கவில்லை. அந்த நூலையே பார்த்தாள். "என்னா எண்ணெய்ண்ணே இது?"

"கெட்டியானது" என்றேன்.

"இவ்ளோ கெட்டியா இருந்தா உள்ளாற சின்னச் சின்னச் சந்துலல்லாம் எப்புடிண்ணே போவும்?"

ஒன்றரை வருஷமாக எதையெதையோ அளந்திருக்கிறேன், அந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அந்த நிமிஷம்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. பெரிய கிராணியின் கார் மட்டும் இல்லை, அடுப்படி மூலையில் துணி சுற்றி வைத்த அந்தக் கத்தியும் கண்முன் வந்தது. தனத்தின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் ரோட்டைப் பார்த்தேன்.

ரோட்டில் பஸ் வந்துகொண்டிருந்தது. பீடோங்கிலிருந்து வருகிற பஸ். அப்பா சொன்ன அதே பஸ். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டினார். பஸ் நின்றது. என்னைத் திட்டவில்லை, ஒரு முறை முறைக்கக்கூட இல்லை. "நாங்க இதுல போறோம். நீ காடியப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனத்தைக் கூட்டிக்கொண்டு ஏறினார். பஸ் கிளம்பியபோது நான் சாமி கும்பிடுவதுபோல இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் யாரோ பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வழியில் போன ஒரு லோரிக்காரர் கயிறு கட்டிக் குருன் பட்டணத்துப் போமனின் தகரக் கொட்டகை வரை இழுத்துவிட்டார். அங்கே இருந்தவர் ஐம்பது வயதுச் சீனர். குச்சியை இழுத்து எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கொட்டகைக்குள் திரும்பி மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இனி மின்யாக் கியர் லா" என்றார். இது கியர் எண்ணெயாம். எனக்குத் தெரியும் என்று சொல்ல வெட்கப்பட்டு, அப்படியா என்று ஆச்சரியப்பட்டேன். எஞ்சின் செத்துவிட்டதா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் கீழே குனிந்து அடித்திருகைக் கழற்றியபடியே, "பெலும்" என்றார். பெலும் என்றால் இன்னும் இல்லை. அதுபோல ஆறுதலும் பயமும் ஒன்றாகக் கலந்த வார்த்தையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

எண்ணெய் இறங்க ஆரம்பித்தது. அவர் போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தார், இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றினார், இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் தாங்காமல் பிதுங்கியிருந்த கேஸ்கட்டை மாற்றினார். எண்ணெயில் குளித்திருந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். நீர்க்க இருந்த எண்ணெயை ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு வடித்தார், திரும்ப ஊற்றி வடித்தார். கடைசியாகப் புதிதாக முப்பது நம்பரை ஊற்றி, குச்சியை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, மேல்கோட்டை நகத்தால் தொட்டுக் காட்டினார். இதுவரை, இதற்குமேல் ஒரு சொட்டும் கூடாது என்பது எந்தப் பாஷையும் இல்லாமல் புரிந்தது.

சாவியைத் திருப்பச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி மெல்லிய குரலில் ஓடியது. டக்டக் இல்லை, புகை இல்லை. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். போமன் சங்கடப்பட்டு, ஒரு பழந்துணியை என்னிடம் கொடுத்தார். அதில் முகத்தைத் துடைத்தேன். (அந்தத் துணியால்தான் அவர் காலையிலிருந்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகு கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.)

கறுத்த முகத்தோடு அலோர் ஸ்டார் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் அப்பாவும் தனமும் பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் சோற்றுக் கையோடு எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

"கெடச்சிருச்சிண்ணே" என்றாள். அடுத்த மாதமே வந்து சேரச் சொல்லிவிட்டார்களாம்.

பஸ் ஒன்பதரைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெரிய மிஸ்ஸி, அதாவது தலைமைத் தாதி, உட்கார்ந்திருந்தாராம். ஏன் தாதியாக விரும்புகிறாய் என்று கேட்பார்கள் என்று தனம் ஒரு பக்கத்துக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் முதலில் கேட்டது சேலையில் என்ன கறை என்று. மனப்பாடம் செய்தது மொத்தமும் மறந்துபோய், நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். கார் ஏன் நின்றது என்று நீ நினைக்கிறாய் என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டாராம். எண்ணெய் மேலே தப்பு இல்லை, அது போகவேண்டிய இடம் வேறே, எஞ்சினுக்குள்ளே இருக்கிற சின்ன வழிகளில் அதனால் ஓட முடியவில்லை, அண்ணன் பிரியத்தில் அளவுக்கு மேலே வேறு ஊற்றிவிட்டான், மருந்து கொடுக்கும்போதும் இந்த இரண்டையும்தானே பார்க்க வேண்டும் என்று இவள் சொன்னாளாம். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, உன் அண்ணன் இப்போது எங்கே என்று கேட்டிருக்கிறார். ரோட்டோரத்தில் என்று சொல்லியிருக்கிறாள்.

"அப்பறம் வேற ஒண்ணுமே கேக்கலண்ணே" என்றாள் தனம்.

திரும்பும்போது தனம் காரில் வந்தாள். அப்பா பஸ்ஸில் வந்தார். எவ்வளவு கெஞ்சியும் ஏறவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, நான் ஓட்டுகிற எந்தக் காரிலும் அவர் கடைசி வரை ஏறவில்லை.

பெரிய கிராணி மாலையில் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்து, திரும்ப விட்டு இழுத்தார். புத்தம் புது எண்ணெய், சரியாக மேல்கோட்டில். பரவாயில்லை, ஒழுங்காகச் செய்திருக்கிறாய் என்றார். காலையில் வந்த புகையைப் பற்றிக் கேட்டார், குளிருக்கு அப்படித்தான் என்றேன். (கெடாவில் குளிர்!) என் வாழ்க்கையில் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். அதற்கும் ஆயுசு ஒரு வாரம். அடுத்த சனிக்கிழமை அவர் பீடோங்குக்குப் போனபோது, லோரிக்கு வாங்கின கியர் எண்ணெய் போதுமா என்று காதர் பாய் கேட்டிருக்கிறார், நான் எண்ணெய்க்குச் சுரம் பார்த்ததையும் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போனேன். ஒரு வாரமாகப் பையில் போடாமல் அங்கேயே விட்டுவைத்திருந்த மெட்ரோலாக் என் மேசைக்கு மேலே சுவரில், ஒரு ஆணியில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை. பெரிய கிராணியின் முத்து முத்தான கையெழுத்தில் 'இது பாலுக்கு மட்டும்' என்று இருந்தது. அவ்வளவுதான் தண்டனை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மறந்திருப்பேன். நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை அட்டை அங்கேயே இருந்தது. பால் கொண்டுவருகிறவர்கள் அதைச் சத்தம்போட்டுப் படித்துவிட்டுத்தான் வாளியை இறக்குவார்கள். எழுத்துத் தெரியாதவர்கள்கூடப் படித்தார்கள். தண்ணீர் கலந்து பிடிபட்டால், "மாத்தி ஊத்திட்டேங்க கிராணி, நம்பர் தெரியல" என்பார்கள். நானும் குனிந்த தலையோடு எழுதிக்கொள்வேன்.

துணியில் சுற்றிய அந்தக் கத்தியை அம்மா பிறகு மீன் செதில் சுரண்ட எடுத்துக்கொண்டாள். தனம் மூன்று வருஷத்தில் ஸ்டாஃப் நர்ஸாகி, பாலிங், ஜித்ரா என்று மாறி மாறி வேலை பார்த்து, ஒரு ஆஸ்பத்திரியில் மேட்ரனாகவே ஓய்வு பெற்றாள். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகப்படுத்தியபோதே இந்தக் கதையும் சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டில் யாராவது குழம்பைக் கெட்டியாக வைத்துவிட்டால், "அண்ணனுக்குன்னு வச்சதா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் எனக்குச் சுரம் பார்ப்பதற்கு முன்னால் எட்டு வரை எண்ணுகிறார்கள்.

போன வருஷம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, தப்பித்துவிட்டேன். இரத்தம் உறைந்து சின்னக் குழாயில் அடைக்கப் பார்த்திருக்கிறது, இனிமேல் அது நீர்த்து ஓடுவதற்கு ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். நீர்த்து என்ற சொல்லைக் கேட்டதும் என் முகம் பழக்கதோஷத்தில் சுருங்கியிருக்க வேண்டும். கட்டில் பக்கத்தில் நின்ற தனம் அதைப் பார்த்துவிட்டாள். மருந்துச் சீட்டை டாக்டரிடமிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அளவை இரண்டு தடவை படித்தாள். படித்து முடிக்கும்போதே அவள் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபேச்சுப் பேசாம சாப்புடுண்ணே. இப்பதான் ஒனக்கு முப்பது நம்பர் ஊத்துறாங்க."